வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்? கலிபோர்னியப் பள்ளிகளில் ஒரு படிவத்தின் கதை

கலிபோர்னியாவில் பிள்ளையை முதன்முறை பள்ளியில் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று இவற்றோடு ஒரு சின்னப் படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும். வீட்டுமொழிப் படிவம். அதில் நான்கே கேள்விகள். உங்கள் பிள்ளை பேசத் தொடங்கியபோது முதலில் கற்ற மொழி எது? பிள்ளை வீட்டில் பெரும்பாலும் எந்த மொழியில் பேசுகிறது? பெற்றோர் பிள்ளையிடம் பெரும்பாலும் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? தாத்தா பாட்டி உட்பட வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசும் மொழி எது?

முதல் மூன்றில் ஏதேனும் ஒன்றுக்கு ‘தமிழ்’ என்று எழுதினாலே போதும். பள்ளியில் சேர்ந்த 30 நாள்களுக்குள் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். அதன் பெயர் எல்பாக். நான்காவது கேள்விக்கு மட்டும் தமிழ் என்றால், தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பள்ளி மாவட்டம் முடிவு செய்யலாம். தேர்வில் தேறிய பிள்ளை, தொடக்கத்திலேயே ஆங்கிலம் சரளமாக அறிந்தவர் என்று பதிவாகும். தேறாத பிள்ளை ‘ஆங்கிலம் கற்கும் மாணவர்’. நம்மவர்கள் பேச்சில் ‘இ.எல்.’

ஒவ்வொரு கோடையிலும், பள்ளிகள் திறக்கும் சமயத்தில், தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: “தமிழ்னு போடலாமா, இங்கிலீஷ்னு போடலாமா?” பதிலும் உடனே வந்துவிடும்: “இங்கிலீஷ்னே போட்டுடுங்க. இல்லன்னா டெஸ்ட், தனி கிளாஸ்னு இழுத்துவிட்டுடுவாங்க.” தமிழ் என்றே எழுதுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் மற்றப் பதிலைச் சொல்பவர்களின் பயமும் வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. இந்த ஏற்பாட்டுக்குள் போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். அது ஏன் அப்படி ஆனது என்று பார்க்க, இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ, 1974

1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் 2,856 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 1,000 பேருக்கு ஆங்கிலத்தில் கூடுதல் பாடம் கிடைத்தது. மீதி சுமார் 1,800 பேர் புரியாத மொழியில் நடக்கும் வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் குடும்பங்கள் 1970இல் வழக்குப் போட்டன. லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கு என்று இன்று சட்டம் படிப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஒவ்வொரு மாணவரும் பள்ளிக்கு வரும்போதே தன் குடும்பச் சூழல் தந்த வசதிகளோடும் குறைகளோடும்தான் வருகிறார், அந்தக் குறைகளைப் பள்ளி உண்டாக்கவில்லை, ஆகவே அதற்குப் பள்ளி பொறுப்பல்ல என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கலிபோர்னியாவின் கல்விச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அது நிற்காது. 6 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆங்கிலத்தில் தேர்ச்சி இல்லாமல் 12ஆம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது என்றும் அதே சட்டம் சொன்னது. வரச் சொல்வதும் அரசு, ஆங்கிலம் வேண்டும் என்பதும் அரசு. அந்த ஆங்கிலத்தைச் சொல்லித் தருவது மட்டும் தன் வேலை இல்லை என்றால் எப்படி?

1974 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் குடும்பங்களின் பக்கம் நின்றது. ஒரே கட்டடம், ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகிவிடாது, ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு அங்கே கல்வி என்பதே அடைபட்டுப் போகிறது என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம்தான் தீர்ப்புக்கு அடிப்படை. பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடவில்லை. ஆங்கிலம் கற்றுக் கொடுப்பது ஒரு வழி, சீன மொழியிலேயே பாடம் நடத்துவது இன்னொரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தை இயற்றி, மொழித் தடையைக் களைய நடவடிக்கை எடுப்பது பள்ளிகளின் கடமை என்று எழுத்தில் வைத்தது.

கடமை வந்தவுடன் அடுத்த கேள்வி வந்தது. யாருக்கு உதவி தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா, ஆசிரியரின் ஊகத்தை வைத்தா? 1975இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று விஷயங்களைக் கேட்கச் சொன்னது. பிள்ளை முதலில் கற்ற மொழி, பிள்ளை வீட்டில் அதிகம் பேசும் மொழி, வீட்டில் அதிகம் புழங்கும் மொழி. இன்று நம் கையில் வரும் படிவத்தின் வேர் அதுதான். சீனக் குடும்பங்கள் இரண்டு முறை தோற்றும் விடாமல் போராடி வாங்கிய உரிமையின் முதல் படி அந்தத் தாள். ‘இங்கிலீஷ்னே போட்டுடுங்க’ என்று சொல்லுமுன் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

ஒரே கேள்வி கேட்டால் என்ன ஆகும்?

நான்கு கேள்வி எதற்கு, ஒன்று போதாதா என்று தோன்றலாம். அரிசோனா மாநிலம் அதைச் செய்து பார்த்தது. 2009இல் மூன்று கேள்விகளை நீக்கிவிட்டு, ‘மாணவரின் முதன்மை மொழி எது?’ என்று ஒரே கேள்வியாக ஆக்கியது. உதவி தேவைப்படும் பிள்ளைகள் கணிசமாக விடுபட்டுப் போகிறார்கள் என்று கல்வி ஆய்வாளர்கள் காட்டினார்கள். மத்திய அரசின் குடிமை உரிமைகள் அலுவலகம் தலையிட்டது. 2011இல் மூன்று கேள்விகள் திரும்பி வந்தன.

விடுபடுவது ஏன் என்று நம் வீடுகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஃப்ரீமான்ட்டிலோ சான் ரமோனிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையை மூன்று வயது வரை பார்த்துக்கொண்டது மதுரையிலிருந்து வந்த பாட்டி. பிறகு ஒரு வருடம் மழலையர் பள்ளி. பெற்றோரிடம் பிள்ளை பாதி ஆங்கிலம், பாதி தமிழ். பாட்டியிடம் முழுக்கத் தமிழ். யூடியூப் ஆங்கிலத்தில். இந்தப் பிள்ளையின் முதன்மை மொழி எது என்று கேட்டால், நேர்மையான அப்பாவே தடுமாறுவார், கடைசியில் ஆங்கிலம் என்று எழுதிவிடுவார். முதலில் பேசியது எந்த மொழி என்று கேட்டால் தடுமாற்றமே இல்லை. தமிழ்.

தேர்வு அறையில் ஐந்து வயதுப் பிள்ளை

கிண்டர்கார்டன் பிள்ளைக்கு எல்பாக் தேர்வு ஆளுக்கு ஆள் தனியாக நடக்கும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதி. கிண்டர்கார்டனில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும்தான் எடை அதிகம். எழுத்தே இனிமேல்தான் கற்கப் போகிறார்கள்.

பேசும் பகுதியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். நிறையப் பேர் ஏதேதோ செய்துகொண்டிருக்கும் ஒரு காட்சி. தேர்வு வைப்பவர் ஒன்றைச் சுட்டிக்காட்டி, இது என்ன, இவர் என்ன செய்கிறார் என்று கேட்பார். இன்னொரு பகுதியில் இரண்டு பொருளைக் காட்டி, இரண்டில் எது உனக்கு வேண்டும், ஏன் என்று கேட்பார். வேறொன்றில் படங்களை வரிசையாகக் காட்டிக் கதை சொல்லிவிட்டு, அதே கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்.

மதிப்பெண் எப்படி என்று பாருங்கள். பதிலே இல்லை என்றால் பூஜ்யம். ‘தெரியாது’ என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாலும் பூஜ்யம். ஆங்கிலமே இல்லாத பதிலுக்கும் பூஜ்யம்தான். படத்தில் இருப்பதைத் தமிழில் அழகாக விவரித்த பிள்ளையும் வாயே திறக்காத பிள்ளையும் அந்தத் தாளில் ஒன்றுதான். ஆங்கிலத்தை மட்டுமே அளக்கும் தேர்வு என்பதால் இது முறைப்படி சரி. ஆனால் முன்பின் தெரியாத பெரியவர் எதிரே உட்கார்ந்து, பார்த்தாலே தெரிகிற விஷயத்தைக் கேள்வியாகக் கேட்டால், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? தலையை ஆட்டுவார்கள், சிரிப்பார்கள், கையால் காட்டுவார்கள். ஏன் வேண்டும் என்று கேட்டால், “சும்மா பிடிக்கும்” என்பதோடு முடித்துக்கொள்வார்கள். கூச்சத்தையும் ஆங்கிலக் குறைவையும் பிரித்துப் பார்க்க இந்தத் தேர்வில் வழி கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. படிவத்தில் எல்லா இடத்திலும் ஆங்கிலம் என்று எழுதிய வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தேர்வின் பக்கமே வருவதில்லை. அவர்களிலும் கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு, கதையைத் திருப்பிச் சொல்லத் தெரியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்தப் பெயரும் ஒட்டுவதில்லை.

நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட மோசமாக இருந்தது. கிண்டர்கார்டனுக்கு முந்தைய ‘டி.கே.’ வகுப்பை மாநிலம் எல்லோருக்கும் விரிவாக்கியபோது, அந்தக் குழந்தைகளும் தங்களைவிட ஒரு வயது மூத்தவர்களுக்காக எழுதப்பட்ட தேர்வையே எழுத வேண்டியிருந்தது. 2024இல் சட்டம் திருத்தி டி.கே. குழந்தைகளுக்கு எல்பாக்கிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் சொல்லிச் சொல்லி மாறிய விஷயம் அது. தாமதமாக வந்தாலும் நல்ல திருத்தம்.

மொழியை அளந்துவிட்டு மூளையை அளந்ததாக நினைப்பது

ஆங்கிலம் தெரியாததை அறிவுக் குறைவாக எடுத்துக்கொள்வது இந்த வரலாற்றில் நடந்த மிகப் பெரிய அநியாயம். அதற்கும் கலிபோர்னியாவிலேயே ஒரு வழக்கு உண்டு, லாவ் தீர்ப்புக்கும் முன்னால்.

மான்ட்டரே கவுன்ட்டியில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது மெக்சிக-அமெரிக்கப் பிள்ளைகளை, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். ஆதாரம், ஆங்கிலத்தில் வைத்த அறிவுத்திறன் தேர்வு. ஸ்பானிய மொழி தெரிந்த உளவியலாளர் ஒருவர் அதே பிள்ளைகளை மறுபடி சோதித்தபோது மதிப்பெண் சராசரியாக 15 புள்ளி ஏறியது. பெரும்பாலோர் அந்த வகுப்புக்கான எல்லைக் கோட்டைத் தாண்டி மேலே வந்துவிட்டார்கள். டயானா வழக்கு என்று பெயர். 1970இல் சமரசமாக முடிந்தது. இனிமேல் பிள்ளையின் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. பிற்பாடு வந்த மத்தியச் சட்டமும், சிறப்புக் கல்விக்கான மதிப்பீட்டை இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியில் செய்யச் சொல்கிறது.

‘இயன்றவரை’ என்ற இடத்தில்தான் நம் போன்ற சிறு மொழிக்காரர்களுக்குச் சிக்கல். ஸ்பானிய மொழி தெரிந்த பள்ளி உளவியலாளர் கலிபோர்னியாவில் கிடைப்பார். தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம். பேச்சு தாமதப்படும் தமிழ்ப் பிள்ளையைப் பார்த்து, “இரண்டு மொழியால் குழப்பம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும்” என்று இரண்டு வருடம் காத்திருப்பதும் நடக்கும். வெறும் ஆங்கிலப் பழக்கக் குறைவைக் குறைபாடு என்று தவறாக எடுத்துக்கொள்வதும் நடக்கும். பிள்ளை தமிழிலும் அந்த வயதுக்குரிய அளவு பேசுகிறதா என்பதுதான் இங்கே முதலில் தெரிய வேண்டிய விஷயம். தமிழிலும் தடுமாற்றம் இருந்தால் கவனிக்க வேண்டும். தமிழில் சரளமாகக் கதை சொல்கிற பிள்ளைக்கு வேண்டியது ஆங்கிலமும் அவகாசமும். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு மதிப்பீடு செய்யச் சொல்லிப் பெற்றோர் எழுத்தில் கேட்கலாம். படிவத்தில் தமிழ் என்று எழுதியிருந்தால்தான் அந்தக் கோரிக்கைக்கு பலம். ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு தமிழில் சோதியுங்கள் என்று கேட்பது எப்படி?

வெளியே வரும் வழி

நுழைவதற்கு ஒரு தாளும் ஒரு தேர்வும். வெளியே வர நான்கு நிபந்தனை. கலிபோர்னியக் கல்விச் சட்டத்தின்படி, ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரை நடக்கும் எல்பாக் தேர்வில் ஒட்டுமொத்தமாக நான்காம் நிலை வர வேண்டும். ஆசிரியரின் மதிப்பீடு வேண்டும். பெற்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும். அடிப்படைத் திறன்களில், ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான்கும் கூடினால் மறுவகைப்படுத்தல். அதற்கப்புறமும் நான்கு ஆண்டு கண்காணிப்பு உண்டு.

சிக்கல் நான்காவதில். எந்தத் தேர்வை வைத்து ஒப்பிடுவது, எவ்வளவு வந்தால் போதும் என்பதைப் பெரும்பாலும் பள்ளி மாவட்டம்தான் முடிவு செய்யும். மாநிலக் கல்வி வாரியம் காட்டிய அளவுகோலைவிடப் பெரும்பாலான மாவட்டங்கள் கடுமையான அளவுகோல் வைத்திருந்ததை, பப்ளிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் ஆஃப் கலிபோர்னியா 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்போதிருந்த தேர்வு வேறு. 2018 முதல் எல்பாக் வந்து, நான்காம் நிலை என்று தேர்வுப் பகுதியை மாநிலம் முழுக்க ஒன்றாக்கிவிட்டார்கள். மற்றவற்றில் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபாடு இன்னும் இருக்கிறது. மாநிலம் மாறினாலோ தேர்வே வேறு. பெரும்பாலான மாநிலங்கள் ‘விடா’ (WIDA) என்ற கூட்டமைப்பின் ஆக்செஸ் தேர்வை வைக்கின்றன. நியூயார்க்கில் தனி, டெக்சாஸில் தனி.

எவ்வளவு காலத்தில் வெளியே வருவது நியாயம்? ஸ்டான்ஃபோர்டின் கென்ஜி ஹகுட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் இதைத் தரவுகளோடு பார்த்தார்கள். பேச்சு ஆங்கிலம் கைவர 3 முதல் 5 ஆண்டு, பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலம் கைவர 4 முதல் 7 ஆண்டு ஆகிறது. ‘எம் பிள்ளை அமெரிக்கக்காரன் மாதிரியே பேசுறான், இவன் எப்படி இ.எல்.?’ என்று கோபப்படும் பெற்றோர் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும். ‘ஆவியாதல் வேகமாக நடப்பதற்குக் காரணம் என்ன, சோதனை முடிவிலிருந்து ஆதாரம் காட்டி விளக்குக’ என்ற கேள்விக்கு நாலு வாக்கியம் எழுதும் ஆங்கிலம் அவ்வளவு சீக்கிரம் வராது. பேச்சை மட்டும் பார்த்து ‘தேறிவிட்டான்’ என்று விட்டுவிட்டால் ஐந்தாம் வகுப்பில் அடி வாங்குவது அந்தப் பிள்ளைதான்.

ஆனால் ஏழு ஆண்டு தாண்டியும் அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் விஷயம் வேறு. 2010இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் இருந்த ஆங்கிலம் கற்கும் மாணவர்களில் 59 சதவீதம் பேர் நீண்ட காலமாக அதே நிலையில் தேங்கியவர்கள் என்று தெரிந்தது. பெரும்பாலோர் புதிதாக வந்திறங்கியவர்களும் அல்ல, கிண்டர்கார்டனிலிருந்தே இதே மாநிலத்தில் படித்தவர்கள். 2012இல் அவர்களைத் தனியாகக் கணக்கெடுக்கச் சட்டம் வந்தது. நாட்டிலேயே அப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் கலிபோர்னியா.

தேக்கத்துக்குக் காரணம் பிள்ளையின் மூளை இல்லை. அந்தப் பெயர் ஒட்டியவுடன் நேர அட்டவணை மாறுகிறது. நடுநிலைப் பள்ளியில் ஒரு பீரியட் ஆங்கில வளர்ச்சிக்கு ஒதுக்கப்படும். இசையோ ஓவியமோ கணினியோ அங்கே போய்விடும். சில பள்ளிகளில் அறிவியலே தள்ளிப்போனது. பாட வகுப்பிலிருந்து ஆங்கிலம் கற்கும் மாணவர்களை ஒதுக்கி வைக்கக் கூடாது என்று 2018இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் இலானா உமான்ஸ்கி 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. கிண்டர்கார்டன் தேர்வில் எல்லைக் கோட்டுக்கு ஒரு புள்ளி மேலே, ஒரு புள்ளி கீழே இருந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார். திறமையில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் வகுப்புகளில், கோட்டுக்குக் கீழே விழுந்து இ.எல். ஆனவர்கள் பிற்பாடு கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கினார்கள். இருமொழி வகுப்புகளில் அந்தப் பாதிப்புத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் பயப்படுகிறவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது என்று நான் சொன்னது இதனால்தான். ஆனால் அந்த ஆய்வின் கடைசிப் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெயரை ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் கெடுதல். பிள்ளையின் மொழியைத் துணைக்கு வைத்துக் கற்றுக் கொடுத்தால் கெடுதல் இல்லை. ஆங்கிலம் மட்டும்தான் என்று கலிபோர்னியா மக்கள் 1998இல் வாக்களித்து இருமொழி வகுப்புகளைக் கிட்டத்தட்ட மூடினார்கள். 2016இல் பெரும்பான்மையாக வாக்களித்து அந்தத் தடையை அகற்றினார்கள். நடுவில் போன 18 ஆண்டு ஒரு தலைமுறையின் மொத்தப் பள்ளிப் படிப்பு.

பள்ளி செய்வது போதுமானதா என்று அளக்கவும் ஒரு தீர்ப்பு உண்டு. டெக்சாஸின் ரேமண்ட்வில் பள்ளி மாவட்டத்தை எதிர்த்து மெக்சிக-அமெரிக்கக் குடும்பங்கள் தொடுத்த காஸ்டன்யேடா வழக்கில், 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று சோதனை சொன்னது. பள்ளியின் திட்டம் நல்ல கல்விக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டதா? அதை நடத்த ஆசிரியரும் பொருளும் உண்மையிலேயே இருக்கின்றனவா? கொஞ்ச காலம் நடத்திப் பார்த்தபின் பலன் கிடைத்ததா? மூன்றாவதைத்தான் பள்ளிகள் அதிகம் கோட்டை விடுகின்றன. ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது, மதிப்பெண் வீட்டுக்கு வருகிறது. மூன்று ஆண்டாக ஒரே நிலையில் நிற்கிற பிள்ளைக்கு நாம் கொடுத்த பாடம் சரியில்லையோ என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

இப்போதைய நிலை

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 2021 இலையுதிர் காலக் கணக்குப்படி ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 53 லட்சம் பேர். மொத்த மாணவர்களில் 10.6 சதவீதம். கலிபோர்னியாவில் மட்டும் சுமார் 11 லட்சம், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வீட்டு மொழி ஸ்பானியம். இதில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு துளிதான். படித்த பெற்றோர், வீட்டில் புத்தகம் என்று வசதி இருப்பதால் நம் பிள்ளைகளில் பலர் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறார்கள். தேங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் பண்ணைகளிலும் சமையலறைகளிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அவர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று இருக்க என்னால் முடியவில்லை. நம் பிள்ளைக்கு நாளை ஒரு மொழிபெயர்ப்பாளரையோ தனிப் பாடத்தையோ நாம் உரிமையோடு கேட்க முடிவது, அந்தக் குடும்பங்கள் வழக்காடி வாங்கிய சட்டத்தால்தான்.

2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அமெரிக்காவின் அதிகாரபூர்வ மொழியாக அறிவிக்கும் அதிபர் ஆணை வந்தது. ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்குப் பள்ளிகள் செய்ய வேண்டியவற்றை விரிவாகச் சொன்ன 2015ஆம் ஆண்டின் மத்திய வழிகாட்டுக் கடிதமும் 2025 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. லாவ் தீர்ப்பும், 1974ஆம் ஆண்டுச் சட்டமும், கலிபோர்னியாவின் சொந்தச் சட்டங்களும் அப்படியே இருக்கின்றன. மேலிருந்து கேட்பவர் குறையும்போது பெற்றோர் கேட்க வேண்டியது கூடுகிறது.

படிவம் கையில் இருப்பவர்களுக்கு

உண்மையை எழுதுங்கள். பாட்டி வளர்த்த பிள்ளை என்றால் முதல் மொழி தமிழ்தான். தேர்வுக்கு முன் ஆங்கிலப் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. ஆனால் புதிய பெரியவர் ஒருவர் படம் காட்டிக் கேள்வி கேட்பார், தலையாட்டாமல் வாயால் பதில் சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் தவறில்லை. அன்று காய்ச்சல் என்றால் வேறு நாள் கேளுங்கள்.

இ.எல். என்று வந்துவிட்டால் கடிதம் வீட்டுக்கு வரும். எந்த நிலை, எந்த வகுப்பு முறை, வெளியே வர என்ன நிபந்தனை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தனி வகுப்பு வேண்டாம் என்று மறுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்தாலும் ஆண்டுத் தேர்வு நிற்காது, பெயரும் போகாது. அதனால் மறுப்பதைவிட, அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஆசிரியரைச் சந்தித்துக் கேட்பது நல்லது. எந்தப் பாடத்தின் நேரத்தில் பிள்ளையை அழைத்துப் போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். கணக்கு நேரத்தில் என்றால் மாற்றச் சொல்லுங்கள்.

வசந்தத்தில் எழுதும் எல்பாக்கின் முடிவு வந்ததும் நான்கு பகுதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். கேட்டலிலும் பேசுதலிலும் மேலே இருந்து எழுதுதலில் மட்டும் குறைந்திருந்தால், பள்ளியில் கேட்க வேண்டிய உதவி எழுதுதலுக்கு. நான்காம் நிலை வந்தும் மறுவகைப்படுத்தல் கடிதம் வரவில்லை என்றால், மற்ற மூன்று நிபந்தனையில் எது நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் கருத்து என்பது அந்த நான்கில் ஒன்று. அதை யாரும் உங்களிடம் கேட்காமலே ஆண்டு கழிந்திருக்கக்கூடும்.

தொடக்க வகைப்பாடே தவறு, அன்று பிள்ளை பயந்து பேசவில்லை என்று உறுதியாக நினைத்தால், மறுபரிசீலனை கேட்கவும் மாநில விதியில் இடம் இருக்கிறது. பெற்றோரும் கேட்கலாம், ஆசிரியரும் கேட்கலாம். அந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான், அதுவும் முதல் ஆண்டுத் தேர்வு நடப்பதற்கு முன். அந்தத் தேர்வு பிப்ரவரியில் தொடங்கிவிடும் என்பதால், ஆகஸ்டில் சேர்ந்த பிள்ளைக்கு ஜனவரிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.